ஹாரன் என்ன ரகம்

பிரேக் அக்காவின் பயிற்சிக் காரில் பின்சீட்டு என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. வெளுத்துப்போன பச்சைக் கம்பளி ஒன்றின் மேல் முன்னங்கால்களை மடக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பழுப்பு நிற நாய் படுத்திருக்கும். பெயர் ஹாரன். வீட்டுக்கு வந்த முதல் நாள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரே ஒரு தடவை குரைத்தது. அதை நம்பித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடமாக அது வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான்.

அக்காவின் பாடத்திட்டமே அந்த நாயை வைத்துத்தான். "ஹாரன் தலையைத் தூக்காம அந்த வளைவை எடுங்க பாப்போம்" என்பாள். எடுத்துவிட்டால் அடுத்த பாடம். தலையைத் தூக்கிவிட்டால் மறுபடி ஒரு சுற்று. எழுந்து உட்கார்ந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் குடித்து, முதல் கியரிலிருந்து திரும்ப ஆரம்பம். பெருமூச்சு விட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை. ஹாரன் இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் பெருமூச்சு விட்டிருக்கிறது. அவர் கொஞ்ச நேரத்தில் வருவார்.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பது வயதில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர முதலில் முன்வந்தவர் வீட்டுக்காரர். அரை மணி நேரத்தில் "பிரேக், பிரேக்" என்று அவர் போட்ட சத்தத்தில் அவள் இருக்கிற பெடலையெல்லாம் சேர்த்து மிதித்து, வண்டியை ஒரு பூக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு தொட்டிகள் போயின, கல்யாணம் தப்பித்தது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், காசு கொடுத்து முறையாகக் கற்றுக்கொள்வது, பிறகு மற்றவர்களுக்குச் சத்தம் போடாமல் கற்றுக்கொடுப்பது என்று. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறும்போது அவள் கால் அதன்மேல் போய் நிற்கும், ஆனால் உடனே அழுத்தாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பாதிப் பேர் இரண்டுக்குள் தாங்களே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தியவர்கள் அதற்கப்புறம் மறப்பதில்லை. மிச்சப் பேருக்குத்தான் அந்தப் பெடல். அதிலிருந்து வந்த பெயர்தான் பிரேக் அக்கா.

வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். இருபத்தாறு வருட அனுபவம். அவர் வாயிலிருந்து எதுவும் சாதாரணப் பொருளாக வெளியே வராது. சாம்பல் நிறம் 'மழைக்கால வெள்ளி'. பழுப்பு 'பாலைச் சந்தனம்'. சூளையில் கொஞ்சம் கோணிப்போன ஓடு 'கைவேலைத் தோற்றம்'. பளிங்கு மாதிரி அச்சடித்த களிமண் ஓட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'அரண்மனைப் பளிங்கு'. கடைக்கு வரும் தம்பதிகள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பில் போடுகிற மேசைக்கு வந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். 'செராமிக், இரண்டாம் தரம், ஓரம் லேசான வளைவு' என்று எழுதி, வாங்குகிறவரைப் படிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்து. இத்தனை வருடத்தில் அவர் போட்ட ஒரு பில்கூடத் திரும்பி வந்ததில்லை. வீட்டில் பில் கிடையாது என்பதால் அங்கே அரண்மனைப் பளிங்கு மட்டும்தான். பால் அடிப்பிடித்தால், "இந்தப் புகை மணம் எல்லாருக்கும் கிடைக்காது" என்று குடித்துவிட்டுப் போவார். அக்காவுக்கு அவரிடம் பிடித்த குணங்களில் அது ஒன்று. பிடிக்காததிலும் அது ஒன்று.

ஹாரன் வந்த கதையும் அப்படித்தான். ஆதரவற்ற நாய்களை வைத்துப் பராமரிக்கும் இடத்துக்குப் போய், ஒரு வயதுக் குட்டியாக அதைத் தேர்ந்தெடுத்தபோது, இது என்ன ரகம் என்று அவர் கேட்டார். அங்கிருந்த பெண், "யாருக்குத் தெரியும் சார், மூக்கைப் பாத்தா ஏதோ வேட்டை நாய் கலந்த மாதிரி இருக்கு" என்றாள். படி இறங்குவதற்குள் 'ஏதோ' உதிர்ந்துவிட்டது. பஸ் நிறுத்தம் வரும்போது 'கலந்த' போய்விட்டது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது 'மாதிரி'யும் இல்லை. மறுநாள் காலை பூங்காவில் அது அரச குடும்பங்கள் வளர்த்த வேட்டை ரகமாகிவிட்டது. அதே வாரம் நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்க ஃபார்ம் வந்தபோது, அதே உற்சாகத்தில் அந்த நீள மூக்கு அரச ரகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, 'தூய வம்சம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டார். அக்கா அன்றைக்குப் பாடம் எடுக்கப் போயிருந்தாள்.

*

இந்த வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது அக்கா சமையலறையில் நின்றபடியே பிரித்தாள். மேலே ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம். 'உங்கள் செல்லத்தின் ஆரோக்கியத்தில் எங்களுக்கும் அக்கறை உண்டு' என்று அதன் கீழே. அதற்கும் கீழே, ஹாரனுக்கு ஒன்பது வயது நிறைவதால் மாதப் பிரீமியம் போன வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. போன வருடமே அதற்கு முந்தின வருடத்தைவிட ஒன்றரை மடங்கு.

"இந்த நாய் ஏன் இப்படிச் சிரிக்குது" என்றார் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்து.

"சிரிக்காம என்ன பண்ணும். கட்டப்போறது அது இல்லையே."

வேறு ஒரு வருடமாக இருந்தால் அவள் கடிதத்தை மடித்துப் போட்டுவிட்டு வேறு கம்பெனியைத் தேடியிருப்பாள். ஆனால் மூன்று நாளுக்கு முன்னால்தான் ஹாரன் காரிலிருந்து இறங்கும்போது இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. நாய் டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, மாத்திரையும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம், அநேகமாக ஆபரேஷன் வரை போகும் என்றாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்:

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு டாக்டர்."

"அப்ப அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. இப்ப போய் வேற கம்பெனிக்கு மாறினா இந்த முட்டியைச் சேத்துக்க மாட்டாங்க. ஏற்கனவே இருந்த நோவுன்னு எழுதிடுவாங்க."

ஆக, விடவும் முடியாது, கட்டவும் முடியாது. புதுப்பிக்கக் கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, வியாபாரிக்கு வியாபாரியாகப் பேசிப் பார்க்கிறேன் என்று கம்பெனிக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் போனில் இசை ஓடியது. அதைக் காதில் வைத்துக்கொண்டே கூடத்தைத் துடைத்து, பாத்திரம் கழுவி, ஹாரனின் காதையும் சுத்தம் செய்து முடித்தார். அக்கா மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் வெற்றிக்களை.

"பேசி முடிச்சிட்டேன். பல்லை எடுத்துட்டா நூத்துக்கு எட்டு குறைப்பாங்களாம்."

"யார் பல்லை?"

"ஹாரன் பல்லுக்கு இருக்கிற பாதுகாப்பைச் சொல்றேன்."

"நூத்துக்கு எட்டு குறைஞ்சா மிச்சத்துக்கு என்னங்க பண்றது? உங்க பல்லையும் எடுக்கவா?"

*

ஹாரன் பெருமூச்சு விட்ட அந்த ஒரே ஆளுக்கு வயது நாற்பத்தாறு. நாலு தடவை ஓட்டுநர் பரீட்சையில் தோற்றவர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் போனில் உட்கார்ந்து கார் இன்சூரன்ஸ் விற்றவர், ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இந்த வருடம்தான் அவரை செல்லப் பிராணிகள் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபீஸில் தேன் மாதிரிப் பேசும் மனிதர், காரில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயம் வந்துவிட்டால் வாயிலிருந்து வருவது ஆபீஸ் வசனங்கள் மட்டும்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வண்டி வந்தால், "கொஞ்சம் லைன்ல இருங்க, கொஞ்சம் லைன்ல இருங்க" என்று முணுமுணுப்பார். அதனால் அக்காவின் வட்டாரத்தில் அவர் 'லைன்ல இருங்க தம்பி'.

பல் பேரம் முடிந்த மறுநாள் காலையில் அவருக்குப் பாடம். ஹாரனை வீட்டிலேயே விட்டுவரத்தான் அக்கா நினைத்திருந்தாள். ஆனால் வேலைக்குக் கூட்டிப்போகாவிட்டால் அது தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டாம் மாடியிலிருந்து வீட்டுக்காரர் அதைத் தோளில் போட்டுத் தூக்கிவந்து கம்பளியில் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க வாயே திறக்கல" என்றார் தம்பி, தெரு நேராக இருந்த தைரியத்தில்.

அக்கா கடிதத்தைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது, கை இறுக்கம் தளர்ந்தது. முதல்முறையாக அந்தக் காரில் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பேசப்பட்டது.

"ஒன்பது வயசுல ஏறுறது சகஜம்தான். ஆனா இவ்வளவு ஏறாதே. ஃபார்ம்ல என்ன ரகம்னு போட்டிருக்கீங்க?"

அக்கா அந்த அரச ரகத்தின் பெயரைச் சொன்னாள்.

"யாரு, இவனா?" என்று தம்பி முழுசாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். எதிரே ரவுண்டானா. அக்கா ஒன்று எண்ணினாள், இரண்டு எண்ணினாள், அழுத்தினாள். கார் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஹாரன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றார் தம்பி, வெளிறிப்போய்.

"ஓரம் கட்டுங்க. நின்னுட்டுப் பேசுவோம்."

நின்றபிறகு அவர் தெளிவாகச் சொன்னார். அந்த ரகத்துக்குத் தூய வம்சம் என்று போட்டால் இடுப்பு, இதயம் என்று பரம்பரை நோவுகள் வரும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். வயது ஏற ஏறப் பிரீமியம் துள்ளும். கலப்பு நாய் என்றால் அவ்வளவு துள்ளாது.

"ஆனா அக்கா, பிரீமியம்கூடப் பெரிசில்ல. நாளைக்கு ஆபரேஷனுக்குக் காசு கேட்டு எழுதுவீங்க. அப்பதான் பழைய ஃபார்மை எடுப்பாங்க. டாக்டர் குறிப்புல ஒன்னு இருக்கும், உங்க ஃபார்ம்ல ஒன்னு இருக்கும். தகவல் தப்புன்னு சொல்லி ரொம்ப மரியாதையா ஒரு லெட்டர் வரும். காசு வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கம்பெனியில அந்த லெட்டரை எழுதுறதே நான்தான். உங்க கம்பெனியிலயும் என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்திருப்பான்."

அக்கா பின்னால் திரும்பினாள். ஹாரன் இடது காலை ஜாக்கிரதையாக நீட்டி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது.

"இப்ப என்ன பண்ணணும் தம்பி?"

"அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே எழுதிடணும். புதுப்பிக்கிற தேதிக்குள்ள. கன்னத்துக்குள்ள பஞ்சு வச்சுத் துடைச்சு எச்சில் அனுப்பினா என்ன ரகம்னு சோதனையில வந்துடும். அதையும் கூட வைங்க. தெரியாம எழுதிட்டோம்னு சொல்றவங்களைப் பெரும்பாலும் விட்டுடுவோம். ஒரே விஷயம், அன்னைக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் இன்னைக்கும் போடணும்."

அக்காவுக்கு அந்த ஒரே விஷயம்தான் மலையாகத் தெரிந்தது.

*

"முடியாது" என்றார் வீட்டுக்காரர். "அவன் மூக்கைப் பாரு."

"மூக்கு எனக்கும்தான் நீளம். நான் என்ன ராஜ பரம்பரையா?"

"நடையைப் பாரு."

"நடக்கிறதே மூணு கால்ல."

அவர் ஹாரனின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தார். அவள் ஃபார்ம் விஷயத்தை, மரியாதையான அந்தக் கடிதத்தை, ஆபரேஷனை, எல்லாவற்றையும் ஒரு தடவை நிதானமாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"சரி, எழுதிட்டோம்னு வை. பார்க்ல என்ன சொல்றது?"

அங்கேதான் முடிச்சு. பூங்காவில் காலையில் நாயோடு வருகிறவர்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நாயின் பெயர்தான். வெள்ளை வெளேரென்று புசுபுசு நாய் வைத்திருப்பவள் பஞ்சு அம்மா. அவள் நாய்க்கு ஏழு தலைமுறைச் சான்றிதழ் உண்டு, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அந்தக் கூட்டத்தின் நடு பெஞ்சில் பஞ்சு அம்மாவுக்குச் சரிசமமாக உட்காருகிற ஒரே ஆள் ஹாரன் அப்பா. கடையில் அவர் ஆறு விற்பனையாளர்களில் ஒருவர். மேனேஜருக்கு அவர் வயதில் பாதி. பூங்காவில் மட்டும்தான் அவர் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் எட்டு வருடமாக அந்த அரச பரம்பரையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே பேசாமல் இருந்தாள்.

இப்போதும் அவள் அதற்குமேல் பேசவில்லை. ஃபார்மின் நகலை மேசைமேல், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலை பெடலுக்கு மேலே வைத்துக்கொண்டாள் என்றே சொல்லலாம். மிச்சம் பத்து நாள். ஐந்து நாள்வரை எண்ணுவது, அதற்குள் மனிதர் தானாக நிற்காவிட்டால் அழுத்துவது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த ஐந்து நாளும் அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. பாடம் நடத்தும்போது இரண்டு தடவை, தேவையே இல்லாமல் பிரேக்கை அழுத்திவிட்டாள். பழகிக்கொண்டிருந்தவர்கள் தாங்கள்தான் தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்கள்.

வீட்டுக்காரர் தன் பாட்டுக்குச் சிக்கனத்தில் இறங்கினார். பேப்பரை நிறுத்தினார். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார். முடிவெட்டுவதையும் நிறுத்துகிறேன் என்றார்.

"அது நின்னு பத்து வருஷம் ஆச்சு" என்றாள் அக்கா, அவர் தலையைப் பார்த்து.

நாலாம் நாள் காலை. அவர் வழக்கம்போல் ஹாரனைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். இருபத்தாறு கிலோ. பூங்கா வரை போய்ப் புல்லில் இறக்கிவிட்டதும் மற்ற நாய்கள் பந்துக்குப் பின்னால் ஓடின. பந்து ஒரு தடவை உருண்டு வந்து ஹாரனுக்கு எதிரிலேயே நின்றது. ஹாரன் பந்தைப் பார்த்தது. எழப் பார்த்தது, கால் விடவில்லை. பிறகு தாடையை அவர் செருப்பின்மேல் வைத்துக்கொண்டு, பந்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தது.

"பாவம், கண்ணு கலங்குது" என்றாள் பஞ்சு அம்மா. "ஆபரேஷன்னா செலவு எக்கச்சக்கமா ஆகும். இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் அவர்.

சொன்ன வார்த்தை அவருக்கே உறுத்தியது. வழக்கமாக ஒரு பொருளுக்கு நல்லதாக ஒரு பெயர் சொன்னால் அவருக்கு நாக்கு இனிக்கும். இப்போது கசந்தது. அதோடு அவர் நேராகக் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, ஹாரனை இறக்கிவிட்டு, மேசைமேல் இருந்த ஃபார்மை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். அக்கா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு" என்றார். "இது ஃபார்ம் இல்ல. இது பில்."

"என்னது?"

"வாயால ஆயிரம் சொல்லலாம். வாங்குறவனுக்கும் தெரியும் அது வியாபாரம்னு. பில்லுல எழுதுறது வேற. இருபத்தாறு வருஷத்துல நான் பில்லுல ஒரு பொய் எழுதினதில்ல." கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தட்டினார். "சொந்த நாய்க்குப் போட்ட ஒரே பில்லு, அதுல எழுதியிருக்கேன்."

அக்கா சாவியைக் கீழே வைத்தாள். ஒரு நாள் மிச்சம் வைத்து மனிதர் தானாகவே நின்றுவிட்டார். கால் அவ்வளவு இலேசாக இருந்தது அவளுக்கு.

"டாக்டரம்மா பத்து மணிக்கு வருவாங்க" என்றாள். "நான் ஓட்டுறேன், நீங்க அவனைப் பிடிச்சுக்கோங்க."

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, சோதனைச் சீட்டில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். "ரகம்னு கேட்டிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தெரியாதுன்னு எழுதுங்க டாக்டர்."

"இந்த எட்டு வருஷத்துல எப்ப நான் கேட்டிருந்தாலும் நீங்க இப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க."

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்."

"கேட்டா அரை மணி நேரம் போகும்னு தெரியும்."

கன்னத்துக்குள் விட்ட பஞ்சுக்குச்சியை ஹாரன் இனிப்பு என்று நினைத்து விடமாட்டேன் என்றது. மூன்றாவது குச்சியில்தான் வேலை முடிந்தது. அன்று மத்தியானமே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அலங்காரம் ஒன்றும் இல்லை. 'ரகம் தெரியாமலே தெரிந்ததாக எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.' அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

*

சோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது. இரண்டு பக்கம். அக்கா படிக்க, அவர் ஹாரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

"ஆடு மேய்க்கிற ரகம், நூத்துக்கு இருபத்தி மூணு."

"அதான் உன் கிளாஸ்ல எல்லாரையும் மேய்க்கிறான்."

"எலி பிடிக்கிற ரகம், பதினேழு. பனியில ஆளைத் தேடுற ரகம், பதிமூணு. காவல் ரகம் பத்து…" பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் பதினோரு ரகம். கடைசியில், கண்டுபிடிக்க முடியாதது என்று கொஞ்சம்.

"நம்ம ரகம்?" என்றார் அவர்.

அக்கா இரண்டு பக்கத்தையும் மேலும் கீழும் பார்த்தாள். "அது இல்லைங்க."

"ஒரு சொட்டுகூட?"

"ஒரு சொட்டுகூட."

அவர் ஹாரனின் நீள மூக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த மூக்கு எங்கிருந்துடா வந்துச்சு?" ஹாரன் கொட்டாவி விட்டது.

அக்கா ஒன்பதாவது வரியை மறுபடி படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் காகிதத்தை அவர் கையில் கொடுத்து விரலால் காட்டினாள். அவர் படித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. புதுச் சரக்கு இறங்கிய அன்றைக்குக் கடையில் இருக்கும் முகம் அது.

மறுநாள் அக்காவும் பூங்காவுக்குப் போனாள். அந்தக் காட்சியைத் தவறவிட அவளுக்கு மனசில்லை. நடு பெஞ்சில் பஞ்சு அம்மா. சுற்றிலும் ஆறேழு பேர். வீட்டுக்காரர் ஹாரனைப் புல்லில் இறக்கி, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார்.

"நம்ம ஹாரன் அரச ரகம்னு சொல்லிட்டிருந்தேன்ல, அது தப்பு. சோதனை பண்ணிட்டேன். அரச ரகம் துளிகூட இல்ல."

பஞ்சு அம்மாவின் புருவம் உயர்ந்தது.

"உங்க எல்லாரோடதும் ஒவ்வொரு ரகம்" என்று அவர் தொடர்ந்தார். "இவன் பதினோரு ரகம். மேய்ப்பான், காப்பான், எலி பிடிப்பான், பனியில ஆளைத் தேடுவான். ஒரே கழுத்துப்பட்டியில பதினோரு நாய். எங்க கடையில இதைக் 'ஓவியர் தொகுப்பு'ன்னு சொல்லுவோம், விலை ஜாஸ்தி."

கூட்டம் சிரித்தது. அவர் கையை உயர்த்தினார்.

"இன்னும் இருக்கு. ஒன்பதாவது வரி. பஞ்சு அம்மா, நீங்களே படிங்க."

பஞ்சு அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். அவள் நாயின் ரகம். நூற்றுக்கு ஆறு. அவள் ஹாரனைப் பார்த்தாள், தன் நாயைப் பார்த்தாள். அது ஹாரனின் வாலை முகர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நாம சொந்தக்காரங்களா?"

"ஆறு சதம் பங்காளி. சொத்துல பங்கு கேக்க மாட்டோம், பயப்படாதீங்க."

"ஏழு தலைமுறை சர்டிபிகேட்ல இவங்க வீட்டு ஆள் யாரும் இல்லையே" என்றாள் பஞ்சு அம்மா, கொஞ்சமும் சிரிக்காமல். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்க, உக்காருங்க. பங்காளின்னா நிக்க வச்சா பேசுறது?"

அதற்கு அடுத்த வாரம் பூங்காவில் நாலு பேர் தங்கள் நாய்களுக்குப் பஞ்சுக்குச்சி வாங்கிவிட்டார்கள் என்று கேள்வி. பஞ்சு அம்மா வாங்கவில்லை. சட்டம் போட்டதைக் கழற்ற அவளுக்குப் பயம்.

*

சோதனை முடிவின் நகலும் போய்ச் சேர்ந்தபின், கம்பெனியின் பதில் கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது. புதுப் பிரீமியம் போன வருடத்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். முட்டி தொடர்ந்து பாதுகாப்பில் இருக்கும். கடந்த வருடங்களில் தூய வம்சத்துக்காகக் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தர இயலாது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள்.

"போகட்டும்" என்றாள் அக்கா. "எட்டு வருஷம் ராஜாவா இருந்ததுக்கு வாடகை."

ஆபரேஷன் நடந்தது. கம்பெனி காசு கொடுத்தது. டாக்டரம்மா ஹாரனின் இடது காலில் பாதி முடியை மழித்துவிட்டிருந்ததால், தூரத்திலிருந்து பார்க்க அது ஒரு காலில் மட்டும் காலுறை கழற்றிய ஆள் மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் அதற்கும் ஒரு பெயர் வைத்தார். அது கோடைக்கால வெட்டு.

ஹாரன் வீட்டில் ஓய்வில் இருந்த நாட்களில்தான் லைன்ல இருங்க தம்பிக்கு ஐந்தாவது பரீட்சை வந்தது. பின்சீட்டில் நாய் இல்லாமல் ஓட்டத் தெரியாதே என்று அவர் நடுங்கினார். பரீட்சை அதிகாரி வருவதற்கு முன் அக்கா அந்தப் பச்சைக் கம்பளியை, ஹாரனின் முடியோடும் வாசனையோடும், பின்சீட்டில் விரித்து வைத்தாள்.

"தூங்குறான்னு நினைச்சு ஓட்டுங்க" என்றாள். "எழுப்பிடாதீங்க."

ரிவர்ஸ் எடுக்கும்போது தம்பி வழக்கம்போல், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டாராம். அதிகாரி, "இருக்கேன், மெதுவா எடுங்க" என்றாராம். அந்த மரியாதையில் தம்பிக்குப் பயம் விட்டுப்போய், பாஸாகிவிட்டார். அந்த வாரமே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் விற்ற கார் இன்சூரன்ஸை முதல்முறையாகத் தனக்குத் தானே விற்றுக்கொண்டார். தள்ளுபடி கேட்டார். புது ஓட்டுநருக்குத் தள்ளுபடி கிடையாது என்று அவரே அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரம், ஹாரனைக் கடைசியாகப் பரிசோதித்து, நடக்கலாம், ஓடலாம், காரில் ஏறலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, வீட்டுக்குக் கொண்டுவிட நான்தான் வருவேன் என்று தம்பி பிடிவாதமாக வந்து நின்றார். ஹாரன் யாரும் தூக்காமல் தானாகவே பின்சீட்டில் ஏறியது. வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா முன்னால்.

அது தம்பியின் கார். அவள் பக்கத்தில் பெடல் இல்லை. முதல் சிக்னலில் அவள் கால் தரை விரிப்பை அழுத்தியது. இரண்டாவது சிக்னலிலும் அழுத்தியது. தம்பி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். ரவுண்டானா வந்தது. அவர் எதுவும் முணுமுணுக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்தார், ஒரு லாரியை விட்டார், கையால் வட்டத்தை அப்படியே வருடிக்கொண்டு போவதுபோல் சுற்றி வெளியே வந்தார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் மழித்த காலை நீட்டிக்கொண்டு ஹாரன் தூங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கையைப் போட்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு வீட்டுக்காரரும் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தலையில் ஒன்றுகூட அசையவில்லை.

"எப்படிக்கா?" என்றார் தம்பி, கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு.

"இன்னொரு சுத்து சுத்துங்க" என்றாள் அக்கா. "நல்லாத் தூங்கட்டும்."